மஞ்சப்பையை யார் துவைப்பது?

2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கான தடை 2019 ஜனவரி 1 முதலே நடைமுறையில் இருந்தது. தடை மட்டும் போதாது, பழக்கமும் மாற வேண்டும் என்ற எண்ணத்தில் வந்தது இந்த இயக்கம். கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம்கூட வைக்கப்பட்டது.

ஒரு காலத்தில் மஞ்சப்பை என்றாலே கேலிதான். ஊரிலிருந்து பட்டணம் வந்து இறங்குகிறவனைச் சினிமா அடையாளம் காட்டியது கக்கத்தில் இடுக்கிய மஞ்சப்பையைக் கொண்டுதான். கல்யாண வீட்டில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டுக் கொடுத்த பை ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்து, மணமக்கள் பெயர் வெளிறி, அடி கிழிந்து, கடைசியில் அடுப்பங்கரையில் கரித்துணியாக முடியும். அதை எடுத்துப்போகக் கூச்சப்பட்ட தலைமுறையின் பிள்ளைகள் இன்று அதைத் தோளில் மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. கேலிக்குள்ளான ஒரு பொருள் மதிப்பைத் திரும்பப் பெறுவது எப்போதும் நல்ல காட்சி.

ஆனால் துணிப்பையில் மீன் வாங்கி வந்தால் நாறும். கீரையின் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். அதைத் துவைத்து, காயவைத்து, மடித்து, கடைக்குப் போகிறவர் கையில் மறக்காமல் எடுத்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை எந்தச் சுவரொட்டியும் சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதுதான் என் கவலை. தூக்கி எறியும் பண்பாடு பெண்ணின் பெயரைச் சொல்லி வந்தது. இப்போது சிக்கனம் திரும்பி வருவதும் பெண்ணின் கைகளை நம்பித்தான். இரண்டுக்கும் நடுவே பெண்ணின் நேரத்துக்கு என்ன நடந்தது என்று கேட்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

*

தமிழ் படித்தவள் என்பதால் முதலில் பழைய ஏடுகளிடம் போகிறேன். திருக்குறளின் ஆறாம் அதிகாரம் வாழ்க்கைத் துணைநலம். அதன் முதற்குறளே, அதாவது 51ஆவது குறளே, கொண்டவனின் வருவாய்க்குத் தக்கபடி வாழ்பவளை வாழ்க்கைத் துணை என்கிறது. வளத்துக்குத் தக்க வாழ்க்கை என்பதைப் பரிமேலழகர் உரை, முதலை அறிந்து அதற்கேற்பச் செலவிடுவது என்று விளக்குகிறது. வருவாய் அவனுடையது, அதற்குள் அடங்கி வாழும் திறமை அவளுடையது. சம்பாதிப்பு ஒருவர் பொறுப்பாகவும் சிக்கனம் இன்னொருவர் பண்பாகவும் பிரிவது இந்த இடத்தில்தான். சம்பாத்தியம் குறைந்தால் அது சூழ்நிலை. வீட்டில் அரிசி தீர்ந்தால் அது அவள் குணக்கேடு.

ஔவையாரின் நல்வழியில் ஒரு வெண்பா முதலுக்கு மேல் செலவு செய்பவரை எச்சரிக்கிறது. மானம் போகும், அறிவு கெடும், போகுமிடமெல்லாம் திருடன் என்று பேர் வரும் என்று அடுக்குகிறது. மாணவிகளோடு அதைப் படிக்கும்போது விகுதிகளைக் கவனிக்கச் சொல்வேன். அங்கே ஊதாரிக்கு வரும் பெயர்கள் அத்தனையும் ஆண்பாலில் இருக்கின்றன. செலவாளி ஆண், சேமிப்பவள் பெண் என்ற பிரிவினை நம் இலக்கணத்துக்குள்ளேயே படிந்து கிடக்கிறது. இன்றைய விளம்பரமும் பட்டிமன்றமும் இதைத் தலைகீழாக்கிவிட்டன. புடவைக் கடையில் புருஷன் பர்ஸைக் காலி செய்யும் மனைவி என்ற நகைச்சுவைக்குக் கைதட்டாத அரங்கம் இல்லை. சேமிப்பின் பளுவும் செலவின் பழியும் ஆக இரண்டுமே இப்போது அவள் தலையில்.

இந்த இரண்டுக்கும் வெளியே நிற்கிறது புறநானூற்றின் 163ஆவது பாடல். குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்பும் பெருஞ்சித்திரனார் தம் மனைவியிடம் பேசுவது அது. எல்லோருக்கும் கொடு, என்னைக் கேட்க வேண்டியதில்லை, நமக்கென்று பத்திரப்படுத்தி வாழலாம் என்றும் எண்ணாதே என்கிறார். அந்தப் பட்டியலில் ஒரு சாராரைக் கவனிக்க வேண்டும். சுற்றத்தின் கொடும்பசி தீர அவளுக்குக் குறியெதிர்ப்பை தந்தவர்கள். அளந்து வாங்கி அதே அளவு திருப்பித் தரும் கைமாற்றுக்குத்தான் குறியெதிர்ப்பை என்று பெயர். புலவர் பரிசில் தேடி மலை ஏறி இறங்கிய நாட்களில் அந்த வீட்டை நடத்தியது அந்தக் கைமாற்று. அடுத்த வீட்டில் ஆழாக்கு அரிசி, எதிர் வீட்டில் ஒரு கரண்டி எண்ணெய் என்று நம் அம்மாக்கள் காலம்வரை அது தொடர்ந்தது. ஒரு தனி வீட்டின் சிக்கனத்தைவிட இந்தப் பெண்களின் வலைதான் பஞ்சத்தைத் தாண்டியது. நீதி நூல்கள் மனைவியின் அடக்கத்தைப் பாடின. அவளுடைய இந்த ஏற்பாட்டைப் போகிற போக்கில் ஒரு சொல்லில் பதிவு செய்தது புறநானூறு.

*

தூக்கி எறியும் பண்பாடு எப்படி வந்தது? அமெரிக்காவில் கிறிஸ்டின் ஃபிரெடரிக் என்ற குடும்ப நிர்வாக நிபுணர் 1929-ல் நுகர்வோரான இல்லத்தரசிக்கு எப்படி விற்பது என்று ஒரு புத்தகம் எழுதினார். தேய்வதற்கு முன்பே பொருளை மாற்றுவது நாகரிகம், படைப்பூக்கமுள்ள விரயம் நாட்டுக்கு நல்லது என்பது அவர் வாதம். எழுதியவர் ஒரு பெண், படித்துப் பயன்பெற்றவர்கள் விற்பனையாளர்கள். 1955 ஆகஸ்ட் 1 தேதியிட்ட 'லைஃப்' இதழில் வந்த ஒரு படம் இன்றும் பேசப்படுகிறது. அப்பா, அம்மா, குழந்தை மூவரும் கைகளை உயர்த்தி நிற்க, காகிதத் தட்டும் கோப்பையும் அலுமினியப் பாத்திரமும் காற்றில் பறக்கின்றன. இவற்றையெல்லாம் கழுவ 40 மணி நேரம் ஆகும், இனி எந்த இல்லத்தரசிக்கும் அந்தச் சிரமம் இல்லை என்று படக்குறிப்பு மகிழ்ந்தது.

இந்த மகிழ்ச்சியைப் பொய் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து நகம் கறுத்தவளுக்கு 40 மணி நேரம் என்பது சின்ன வாக்குறுதி அல்ல. ஆனால் அந்த நேரம் அவளுக்கு உண்மையில் கிடைத்ததா? தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் வெளியிட்ட நூலில் இதற்குப் பதில் தேடினார். இயந்திரங்களும் புதுப் பொருட்களும் வந்த பிறகு முன்பு ஆண்களும் குழந்தைகளும் வேலையாட்களும் செய்துவந்த வேலைகள் குறைந்தன. சுத்தத்தின் அளவுகோல் உயர்ந்தது. அம்மாவின் மணி நேரம் குறையவில்லை என்று அவர் காட்டினார். துவைக்கும் இயந்திரம் வந்தால் வாரம் ஒருமுறை துவைத்த துணியைத் தினமும் துவைக்கிறோம். இதைச் சொல்ல அமெரிக்கா போக வேண்டியதில்லை. மிக்ஸி வந்தபின் சட்னி வகை கூடிய கதை நமக்குத் தெரியும்.

கழுவாமல் எறியலாம் என்பதில் இன்னொரு மறைப்பும் இருக்கிறது. எறிந்தது எங்கோ போய் விழுகிறது. சென்னையில் அது கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் விழுந்தது. அங்கே அதைக் கிளறிப் பிரித்தவர்களில் பெண்கள் ஏராளம். நடுத்தர வீட்டுப் பெண்ணின் தொட்டியிலிருந்து மறைந்த வேலை, வேறு சாதியில் பிறந்த வேறு பெண்ணின் கைக்கு, கையுறைகூட இல்லாமல், போய்ச் சேர்ந்தது. தூக்கி எறியும் பொருள் வேலையை ஒழிப்பதில்லை, கைமாற்றுகிறது.

*

தமிழ்நாட்டில் இந்தப் பண்பாட்டின் சின்னம் காகிதத் தட்டு அல்ல, பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் சாஷே. ஷாம்பூவைச் சிறு உறையில் அடைத்து விற்ற முன்னோடியாகக் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணனைச் சொல்வார்கள். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பூ கிராமம் கிராமமாகப் போனது. ஒரு பாட்டில் வாங்க முடியாதவளும் தலைக்கு ஷாம்பூ போடலாம் என்றானது. தினக்கூலி வாங்கும் பெண்ணுக்கு அன்றைய கூலியில் அன்றைய தேவைக்கு மட்டும் வாங்குவதே சிக்கனம். மாதச் சம்பளக்காரர்தான் மொத்தமாக வாங்கி மிச்சம் பிடிக்க முடியும். அவளுடைய சிக்கனமும் கம்பெனியின் விரயமும் ஒரே உறைக்குள் இருக்கின்றன.

அந்த உறை பல அடுக்குகள் ஒட்டியது. பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம், காயலான் கடைக்காரரும் எடுக்கமாட்டார். 2016-ல் வந்த மத்திய அரசின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சி செய்ய இயலாத பல அடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டு ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்தச் சொன்னன. 2018-ல் திருத்தம் வந்தது. எரித்து ஆற்றல் எடுக்க முடிந்தாலோ, மாற்றுப் பயன்பாடு இருந்தாலோ நிறுத்த வேண்டியதில்லை என்றானது. எதையும் எரிக்கலாம் என்பதால் இந்த வாசல் மிக அகலமானது. காய்கறிக்காரம்மாவின் மெல்லிய பை பறிமுதலாகி அபராதம் விழுந்த அதே தெருவில், பெரிய கம்பெனிகளின் சாஷே சரம் அசையாமல் தொங்கியது. காய்கறி விற்பவள் கண்ணுக்குத் தெரிகிறாள், உறை தயாரிப்பவர் தெரிவதில்லை. சட்டம் கைக்கு எட்டியவரைப் பிடிக்கிறது.

துணியின் கதையும் இதைப் போன்றதுதான். நாலு முறை துவைத்தால் சுருங்கும் சட்டை ஏன் அவ்வளவு மலிவு என்று கேட்டால் பதில் திருப்பூரிலும் டாக்காவிலும் இருக்கிறது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆடை தைக்கும் பெண்கள். சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலை எந்த நிலைக்குக் கொண்டுபோனது என்றால், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. நம் மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் இளம்பெண்களை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்த்து, கூலியின் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாகத் தருவதாகச் சொன்ன ஏற்பாட்டுக்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர். அவளுடைய கூலியை அவளுக்குத் தராமல் வைத்திருந்ததைச் சேமிப்பு என்றார்கள். சிக்கனம் என்ற சொல் எந்த அளவுக்கு வளைந்து கொடுக்கும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம்.

*

இனி எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசும் பொருளுக்கு வருகிறேன். சானிட்டரி நாப்கின். என் அம்மாவின் தலைமுறைக்குப் பழைய புடவைத் துணிதான். துவைத்த துணியை வெயிலில் போட முடியாது. உள்பாவாடைக்கு அடியிலோ, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலோ, இருட்டில் ஈரமாகவே காயவேண்டும். எனக்கு நாப்கின் கிடைத்தபோது அது ஒரு பொருளாகத் தோன்றவில்லை, பள்ளிக்கூடத்தில் தயங்காமல் எழுந்து நின்று பதில் சொல்லும் தைரியமாகத் தோன்றியது. 2012-ல் தமிழ்நாடு அரசு 'புதுயுகம்' திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு விலையில்லா நாப்கின் தரத் தொடங்கியபோது அது அந்தப் பெயருக்குத் தகுதியான திட்டமாகவே இருந்தது. 2017-ல் நாப்கினுக்கு 12 விழுக்காடு ஜிஎஸ்டி விதித்ததும், பெண்களின் எதிர்ப்புக்குப் பின் 2018 ஜூலையில் அதை நீக்கியதும் நமக்கு நினைவிருக்கும்.

இப்போது அதே நாப்கினைக் காட்டி, நிலத்தைக் கெடுக்கிறாய் என்று பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். துணிக்குத் திரும்பு, அல்லது கப் வாங்கு என்று அறிவுரை வருகிறது. துணி நாப்கினையும் கப்பையும் விரும்பித் தேர்ந்தெடுத்த தோழிகள் எனக்கு உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனால் துணிக்குத் தண்ணீர் வேண்டும், கதவுள்ள குளியலறை வேண்டும், யார் பார்த்தாலும் வெட்கப்படாத கொடிக்கயிறு வேண்டும், வெயில் வேண்டும். நாற்பது பேருக்கு மூன்று குளியலறை உள்ள விடுதியில் இருக்கும் மாணவியிடம் துணிக்கு மாறச் சொல்வது, அவளுக்கு இன்னும் கிடைக்காத வசதிகளைக் கிடைத்ததாக வைத்துக்கொண்டு பேசுவது.

இந்தச் சிக்கலில் எனக்கு வழிகாட்டியவர்கள் புனே நகரின் குப்பை சேகரிக்கும் பெண்கள். அவர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவின் பெயர் ஸ்வச். செய்தித்தாளில்கூடச் சுற்றாமல் எறியப்பட்ட நாப்கின்களைத் தினமும் வெறுங்கையால் பிரித்தவர்கள் அவர்கள். 2013 மகளிர் தினத்தையொட்டி, பயன்படுத்திய நாப்கின்களைப் பைகளில் கட்டி, அவற்றைத் தயாரித்த நிறுவனங்களுக்கே அனுப்பி வைத்தார்கள். பழைய செய்தித்தாளில் உறை செய்து, நாப்கினைச் சுற்றி எறிவதற்கென்று விற்கவும் செய்தார்கள். பயன்படுத்திய பெண்ணை அவர்கள் ஏசவில்லை. இவ்வளவு லாபத்துக்கு விற்கிறீர்களே, விற்ற பொருள் எங்கே போய் முடிகிறது என்று உங்களுக்குத் தெரியுமா என்று விற்றவரைக் கேட்டார்கள். மாதவிலக்கைத் தீட்டு என்று ஒதுக்கிய சமூகத்தில், அடுத்தவள் இரத்தத்தைத் தொடும் வேலை யார்மீது விழுகிறது என்பதையும் சேர்த்தே கேட்டார்கள். 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் அதற்கு அரைப் பதில் தந்தன. மறுசுழற்சி செய்யக்கூடிய பொருளில் நாப்கின் செய்ய முடியுமா என்று நிறுவனங்கள் ஆராய வேண்டும், அல்லது ஒவ்வொரு நாப்கினையும் அப்புறப்படுத்த உறை தர வேண்டும். ஆராய்வதைவிட உறை மலிவு என்பது எந்தக் கம்பெனிக்கும் தெரியும்.

*

சிக்கனத்தை நான் இவ்வளவு சந்தேகப்பட்டாலும், பெண்கள் அதைத் தங்களுக்காகவும் செய்தார்கள் என்பதை மறக்க முடியாது. சிறுவாடு என்ற சொல்லை மாணவிகள் பலர் இன்று கேள்விப்பட்டதில்லை. அஞ்சறைப்பெட்டியில் சீரகத்துக்கு அடியில், அரிசிப் பானைக்குள், புடவை மடிப்பில், வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து யாருக்கும் தெரியாமல் சேர்த்த பணம். கணவன் வருவாய்க்குத் தக்க வாழ்ந்தவள் என்ற பெயரை அவள் குடும்பத்துக்குக் கொடுத்தாள். அதற்கடியில் தனக்கென்று ஒரு சிறிய வருவாயை உண்டாக்கிக்கொண்டாள். மகளின் பரீட்சைக் கட்டணமும், அம்மா வீட்டுக்குப் போகும் பஸ் செலவும், அடிக்குப் பயந்து வெளியேறிய இரவின் ஆட்டோக் கட்டணமும் அதிலிருந்துதான் வந்தன.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, அந்தச் சிறுவாடு வெளியே வந்தது. வங்கிக் கணக்கில்லாத பெண்கள் கணவனிடமும் மகனிடமும் அதை எடுத்துக் கொடுத்து மாற்றித் தரக் கேட்டார்கள். "இவ்வளவு வெச்சிருந்தியா?" என்று சிரித்த வீடுகள் உண்டு, அடித்த வீடுகளும் உண்டு. கறுப்புப் பணம் என்ற சொல்லுக்குள் எதிரெதிரான இரண்டைச் சேர்த்துப் போட்டார்கள். பல ஆண்டுச் சிக்கனத்தில் அவளுக்கு மிஞ்சிய ஒரே தனிச் சொத்து, அந்த ஒரு வாரத்தில் குடும்பச் சொத்தானது. சிக்கனத்தைப் போற்றும் யாரும் இந்த இழப்பைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

பழைய புடவையின் பயணத்தையும் நினைத்துப் பாருங்கள். கட்டிக் கட்டி மெலிந்த நூல்புடவை பிள்ளைக்குத் தூளியாகும், பிறகு விரிப்பாகும், கரித்துணியாகும், விளக்குத் திரியாகும். மிச்சமிருந்தால் பாத்திரக்காரம்மாவிடம் பேரம் பேசி எவர்சில்வர் கிண்ணமாகும். இதில் அழகு இருக்கிறது, அறிவும் இருக்கிறது. எந்தத் துணி எதைத் தாங்கும் என்ற அறிவு. அதை யாரும் அறிவு என்று அழைக்கவில்லை. சாணை பிடித்தவரும் ஈயம் பூசியவரும் அம்மி கொத்தியவரும் அவற்றைத் தொழிலாகச் செய்து, கொஞ்சமாவது கூலி பெற்றார்கள். வீட்டுக்குள் கிழிசல் தைத்தவளுக்கு அது வேலை என்ற பெயரே கிடைக்கவில்லை.

*

இப்போது சிக்கனம் புது உடையில் திரும்பியிருக்கிறது. யூடியூபில் 'ஜீரோ வேஸ்ட்' சமையலறைகளைப் பார்க்கிறேன். ஒரே அளவுக் கண்ணாடிப் புட்டிகள், மூங்கில் பிரஷ், பூந்திக்கொட்டை ஊறவைத்த பாத்திரம் கழுவும் நீர், பழத்தோலில் தயாரித்த தரை துடைக்கும் திரவம், மாடியில் உரத்தொட்டி. கண்ணுக்கு இதமாக இருக்கிறது. ஏழையின் வீட்டில் இருந்தால் இல்லாமை, வசதியானவர் வீட்டில் இருந்தால் மினிமலிசம் என்ற பெயர் மாற்றத்தைச் சற்று ஒதுக்கி வைப்போம். அந்தக் காட்சிகளில் மூன்று மாதம் திரவத்தைக் கிளறித் திறந்து மூடும் கையைப் பாருங்கள். ஏறக்குறைய எப்போதும் வளையல் போட்ட கை.

2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிடம். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். அதிலும் ஈடுபடும் பெண்கள் நூற்றுக்கு 81 பேர், ஆண்கள் 26 பேர்தான். புதிதாக வரும் ஒவ்வொரு பசுமைப் பழக்கமும் இந்த 299-ன் மேல்தான் ஏறுகிறது. 2023 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாடு அரசு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டத்துக்கு 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தது. வீட்டு உழைப்புக்கு மதிப்புண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்ட பெயர் அது. அதே கையால் இன்னும் கொஞ்சம் இலவச உழைப்பைக் கேட்பதும் அரசுதான்.

ஒரு கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறேன். பிளாஸ்டிக் இல்லா வளாகம் என்று அறிவித்து, கருத்தரங்கில் காகிதத் தட்டை நிறுத்தி எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வைத்தார்கள். பாராட்டுச் சான்றிதழ் வந்தது. மதிய உணவுக்குப் பின் இருநூறு தட்டுகளையும் கழுவியவர்கள் இரண்டு ஒப்பந்தத் துப்புரவுப் பெண்கள். கூடுதல் கூலி இல்லை, அன்று அவர்கள் வீட்டுக்குப் போனது இரவு ஏழரைக்கு. கூட்டத்தில் நான் இதைக் கேட்டபோது, "அது அவங்க வேலைதானே மேடம்" என்றார் ஒரு மூத்த பேராசிரியர். அவரவர் தட்டை அவரவர் கழுவலாம் என்று முதுகலை மாணவிகள் யோசனை சொன்னார்கள். உடனே, வாழை இலைக்குத் திரும்பிவிடலாமே என்று ஆண் பேராசிரியர்கள் ஒருமித்த கருத்துக்கு வந்தார்கள். வாழை இலை மட்கும், உண்மை. எச்சில் இலையை எடுப்பது யார் என்ற கேள்விதான் மட்காமல் கிடக்கிறது.

*

அப்படியானால் பிளாஸ்டிக்குக்கே திரும்பச் சொல்கிறேனா என்று கேட்பீர்கள். இல்லை. நிலமும் நீரும் கெட்டால் முதலில் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவள் பெண்தான். பொருளை மதிக்கும் வாழ்க்கை நமக்கு வேண்டும். ஆனால் அதைப் பெண்ணின் குணமாகப் போற்றாமல் எல்லோருடைய வேலையாகப் பங்கிட வேண்டும். தைக்கவும் துவைக்கவும் பழுது பார்க்கவும் பையன்களுக்குப் பள்ளியிலேயே கற்றுத் தர வேண்டும். பழுது பார்ப்பதைக் கூலியுள்ள, மரியாதையுள்ள தொழிலாக மீட்க வேண்டும். உறையைத் தயாரித்தவரே அதைத் திரும்ப எடுக்கும் செலவையும் ஏற்க வேண்டும். அந்தச் செலவிலிருந்து குப்பை பிரிக்கும் பெண்ணுக்குக் கையுறையும் நிரந்தர வேலையும் வர வேண்டும். தண்ணீரும் கதவும் கொடிக்கயிறும் தராமல் துணிக்கு மாறச் சொல்லும் அறிவுரையை நாம் ஏற்கக் கூடாது. பாத்திரங்களையும் தையல் இயந்திரத்தையும் தெருவுக்குப் பொதுவாக வைத்துக்கொள்ளும் குழுக்கள் வந்தால், அவை பெருஞ்சித்திரனாரின் மனைவி நடத்திய குறியெதிர்ப்பையின் இன்றைய வடிவமாக இருக்கும்.

என் வகுப்பு மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்து வருகிறேன். இதைப் படிக்கும் நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். ஒரு வாரத்துக்கு வீட்டில் எதையெல்லாம் எறியாமல் மறுபடி பயன்படுத்தினீர்கள் என்று முதல் கட்டத்தில் எழுதுங்கள். இரண்டாவதில் அதனால் மிச்சமான பணம். மூன்றாவதில் அதற்குச் செலவான நிமிடங்கள். நான்காவதில் அந்த நிமிடங்கள் யாருடையவை என்று பெயர். வாரக் கடைசியில் நான்காவது கட்டத்தை மட்டும் வீட்டில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படியுங்கள். போன ஆண்டு இதைச் செய்த ஒரு மாணவி, எட்டுப் பக்கத்திலும் இரண்டே பெயர்கள்தான் இருந்தன, ஒன்று அம்மா, இன்னொன்று நான் என்று சொன்னாள். அவள் அண்ணன் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தானாம். அடுத்த வாரத்தில் அவன் பெயர் மூன்று இடத்தில் வந்தது. மூன்று இடம் குறைவுதான். ஆனாலும் கணக்கு தொடங்கிவிட்டது.